லங்சுயர் ஆடும் திரை: மலாய்ப் பேய்க்கதைகள் நிழற்பாவையில் எப்படி நடக்கின்றன?

தலை மட்டும் உடலிலிருந்து கழன்று, குடல் தொங்கத் தொங்க இரவில் பறந்துபோகிற ஒரு பெண். மலாய்க் கிராமங்களில் இவளுக்குப் பெனாங்காலான் என்று பெயர். பகலில் பார்த்தால் சாதாரணப் பெண்தான். பல கதைகளில் மருத்துவச்சி. இரவானால் பிரசவ வீட்டைத் தேடிக் கிளம்பிவிடுவாள். பழைய மலாய் வீடுகள் கால்களின் மேல் தூக்கிக் கட்டப்பட்டவை. அதனால் வீட்டுக்கு அடியில் நுழைந்து, தரைப்பலகை இடுக்கு வழியாக இரத்தத்தை நக்குவாள். விடிவதற்குள் வீடு திரும்பி, உப்பிப்போன குடலைக் காடிப் பானையில் ஊறவைத்துச் சுருக்கி, மறுபடி உடம்புக்குள் இறக்கிக்கொள்வாள். அவளைத் தடுக்க வீட்டைச் சுற்றி முள் இலைகளைக் கட்டிவைப்பார்கள். குடல் முள்ளில் மாட்டிக்கொண்டால் அவள் கதை அதோடு முடிந்தது.

இதை ஒரு நடிகையை வைத்து மேடையில் செய்ய முயன்றால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சினிமாவில் செய்யலாம், செலவாகும். நிழற்பாவைக் கூத்தில் இரண்டு தோல் துண்டுகள் போதும். ஒன்று உடல், இன்னொன்று குடலோடு கூடிய தலை. தலைக்கான குச்சியை மேலே தூக்கினால் தலை கழன்றுவிட்டது. தந்திரம் ஏதும் இல்லை, யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். திரையில் தெரிவதெல்லாம் நிழல்தான் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

மலாய்ப் பேய்க்கதைகளை நிழற்பாவைக் கூத்தில் மறுபடி சொல்வது என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, அதில் என்ன சிக்கல் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். வாயாங் கூலிட் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றாலும் பரவாயில்லை.

முதலில் கூத்து

தோலில் செதுக்கிய பாவைகளை விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவில் ஆட்டி, நிழலால் கதை சொல்வது வாயாங் கூலிட். ஜாவாவின் வாயாங் உலகப் புகழ் பெற்றது. மலேசியாவிலும் நான்கு வகைகள் உண்டு: கிளந்தான், கெடெக், மெலாயு, பூர்வா. இந்தக் கட்டுரை கிளந்தான் வகையைப் பற்றியது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய வடகிழக்கு மாநிலம் கிளந்தான். அங்குள்ள கூத்தை நெடுங்காலம் 'வாயாங் சியாம்' என்றே அழைத்தார்கள்.

தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய ஒரு குடிசைதான் பங்கோங், அதாவது அரங்கு. அதன் முன்பக்கம் முழுக்கத் துணித்திரை. திரைக்குப் பின்னால் நடுவில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவர்தான் தோக் டாலாங். அத்தனை பாவைகளையும் ஆட்டுவது, அத்தனை குரல்களிலும் பேசுவது, இசைக்குழுவுக்குச் சைகை கொடுப்பது எல்லாம் அவர் வேலை. தலைக்கு எதிரே விளக்கு தொங்கும்; முன்பு எண்ணெய் விளக்கு, இப்போது பெரும்பாலும் மின்பல்பு. திரையின் அடியோரம் வாழைத்தண்டு கிடக்கும். பாவையின் குச்சியை அதில் குத்திவிட்டால் அது சபையில் நிற்கிற பாத்திரம் ஆகிவிடும். பின்னால் செருனாய் என்ற நாதசுரக் குடும்பத்துக் குழல், கெண்டாங், கெடும்பாக் முதலிய தோல் கருவிகள், தொங்கவிட்ட பெரிய தெத்தாவாக் மணித்தட்டுகள், சானாங் என்ற சிறு மணித்தட்டுகள், கெசி என்கிற கைத்தாளம். இரவுத் தொழுகை முடிந்தபின் தொடங்கினால் நள்ளிரவு வரை போகும். கதை நீளமென்றால் பல இரவுகள் தொடரும். சின்ன இடம்தான், ஆனால் சத்தம் ஊருக்கே கேட்கும்.

நடிக்கப்படும் கதை? நமக்குத் தெரிந்ததுதான். செரி ராமா, சித்தி தேவி, லக்சமானா, மகாராஜா வானா, வெள்ளைக் குரங்கான ஹனுமான். வாய்மொழியாக வளர்ந்த மலாய் இராம கதை இது. ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. கதைகளை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: அடிமரக் கதை, கிளைக் கதை. சித்தி தேவி கவரப்படுவதும் போரும் மீட்பும் அடிமரம். அந்தப் பாத்திரங்களையே வைத்துக்கொண்டு டாலாங் கட்டுகிற புதுக்கதைகள் எல்லாம் கிளை. உண்மையில் இரவுகளில் அதிகம் நடப்பது கிளைக் கதைகள்தான். பேய்க்கதைக்கு உள்ளே வர வழி விடுவது இந்தக் கிளைதான். இராம கதையில் பேயைச் சேர்க்கலாமா என்று தயங்கத் தேவையே இல்லை. புதுக்கிளை விடுவது மரபுக்கு உள்ளேயே இருக்கிற உரிமை.

அப்புறம் பேய்கள்

மரபான கிளந்தான் கதைகளில் ராட்சசர்களும் ஜின்களும் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் அரசர்களோடு போர் செய்கிறவர்கள், முடி சூடியவர்கள். வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்லப்பட்ட பேய்கள் வேறு ரகம். பொந்தியானாக், லங்சுயர், பெனாங்காலான், பணம் திருடுகிற குழந்தைப் பேயான தோயோல், கொலையுண்டவன் இரத்தத்தைச் சீசாவில் அடைத்து வளர்க்கிற போலோங், அதற்கு முன்னே பறந்து வழிகாட்டும் பூச்சியான பெலேசிட், எசமான் சாகும் முன் வேறொருவருக்குக் கைமாற்றியே தீரவேண்டிய ஹந்து ராயா. இவற்றில் பல, ஒருவர் இன்னொருவர்மேல் ஏவிவிடச் சொந்தமாக வளர்ப்பவை. பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று பணக்காரர் ஆனது எப்படி என்ற கேள்விக்குத் தோயோல் ஒரு பதில். பேய் என்கிறோமே தவிர, பாதிக்கு மேல் ஊர்ப் பொறாமைக் கதைகள்.

இவற்றை எழுத்தில் பதித்தவர்களில் ஒருவருக்கு நம்மோடு தொடர்பு உண்டு. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்து நாகூரில் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அப்துல்லா மலாக்காவில் பிறந்து, சிறுவயதில் தமிழும் படித்தார். 1849-இல் அச்சான தன்வரலாற்றில், மக்கள் நம்பிய பேய்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறார். அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் விவரம் விடாமல் எழுதினார். நம்பாதவர்கள் எழுதிவைத்ததால் பிழைத்த நம்பிக்கைகள் ஏராளம்.

1900-இல் ஸ்கீட் என்ற ஆங்கிலேய அதிகாரி வெளியிட்ட மலாய் மந்திர வழக்குகள் பற்றிய நூலில் லங்சுயர் பற்றிய பகுதி ஒரு முழு நாடகத்துக்குச் சமம். குழந்தை இறந்தே பிறந்தது என்று கேள்விப்பட்ட அதிர்ச்சியில் செத்துப்போனவள் லங்சுயர். பச்சை ஆடை, நீண்ட நகங்கள், கணுக்கால் வரை கருங்கூந்தல். அந்தக் கூந்தல் அழகுக்கு இல்லை. பின்கழுத்தில் உள்ள ஓட்டையை மறைக்க. குழந்தைகளின் இரத்தத்தை அந்த ஓட்டை வழியாகத்தான் உறிஞ்சுவாள். மீன் என்றால் உயிர். ஆற்று முகத்துவாரத்தில் நட்ட மீன்பொறிக் கழிகளில் உட்கார்ந்து காத்திருப்பாள். அவளைப் பிடித்து, நகத்தையும் கூந்தலையும் வெட்டி, அந்த ஓட்டைக்குள் அடைத்துவிட்டால் சாதாரணப் பெண்ணாகி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, ஆண்டுக்கணக்கில் வாழ்வாள். ஒரே ஒரு ஆபத்து: ஊர்க் கொண்டாட்டத்தில் அவளை ஆடவிடக்கூடாது. ஆடினால் பழைய உருவம் திரும்பி, காட்டுக்குப் பறந்துவிடுவாள்.

அந்த நூலில் பொந்தியானாக் என்பது இந்த லங்சுயரின் இறந்து பிறந்த குழந்தை. இன்று யாரைக் கேட்டாலும் பொந்தியானாக் என்றால் வெள்ளையுடுத்திய, பிரசவத்தில் செத்த பெண். தாயும் பிள்ளையும் இடம் மாறிவிட்டார்கள். 1957-இல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த பொந்தியானாக் படமும் அதன் தொடர்ச்சிகளும் இந்த உருவத்தைப் பரப்பின. நடித்தவர் மரியா மெனாடோ, இயக்கியவர் இந்தியாவிலிருந்து போன பி. என். ராவ். ஆக, 'மூலக்கதையை அப்படியே சொல்லவேண்டும்' என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், எந்த மூலம் என்று கேட்கலாம்.

ஒரு லங்சுயரைச் செய்து பார்ப்போம்

நீங்களே டாலாங் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன லங்சுயர் கதையைத் திரையில் கொண்டுவர வேண்டும்.

கிளந்தான் பாவைகள் பெரும்பாலும் மாட்டுத்தோலில் செய்யப்படுபவை. தோலை மயிர் நீக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி, காயவைத்து, சிற்றுளியால் துளைத்துத் துளைத்துச் செதுக்குவார்கள். பிறகு ஒளிபுகும் சாயம். அதனால் திரையில் விழுவது வெறும் கறுப்பு இல்லை. பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கலந்த நிழல். லங்சுயரின் பச்சை ஆடை பச்சையாகவே விழும். முகம் எப்போதும் பக்கவாட்டில்தான் இருக்கும். பெரும்பாலான பாவைகளுக்கு ஒரே ஒரு கை மட்டும் அசையும்.

பக்கவாட்டு முகம் இங்கே பெரிய வரப்பிரசாதம். நேர்முகமாக நிற்கும் பாவையில் பின்கழுத்து தெரியவே தெரியாது. பக்கவாட்டில் அது உருவத்தின் விளிம்பிலேயே வந்துவிடுகிறது. அங்கே ஒரு சின்ன வட்டம் வெட்டினால், இருண்ட கழுத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். இப்போது கூந்தலைத் தனித் துண்டாக, ஒளி புகாத தடித்த தோலில் வெட்டி, உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள். கூந்தல் கீழே தொங்கும்வரை ஓட்டை தெரியாது. பாவையைச் சட்டென்று ஒரு சுழற்றுச் சுழற்றினால் கூந்தல் விலகும். கழுத்தில் வெளிச்சம் ஒரு கணம் பளிச்சிட்டு மறையும். பார்ப்பவர்களில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள், பாதிப்பேர் தவறவிட்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'பார்த்தீங்களா?' என்று கேட்கவைக்கும் அந்த இடம்தான் வேண்டும்.

அடுத்து அளவு. விளக்குக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் பாவையின் அளவே இருக்கும். விளக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் இரு மடங்கு. 20 சென்டிமீட்டரில் மூன்று மடங்கு. பெரிதாக ஆக, விளிம்பு மங்கிக்கொண்டே போகும். சுடருக்கு ஓர் அகலம் இருப்பதே அதற்குக் காரணம். அதன் ஒவ்வொரு புள்ளியும் சற்றே தள்ளித் தள்ளி ஒரு நிழலைப் போடுகிறது. மிகச் சிறிய எல்இடி விளக்கு வைத்தால் நிழல் பெரிதாகவும் கூர்மையாகவும் விழும். சிலருக்கு அது பிடிக்கிறது. என்னைக் கேட்டால் பேய்க்குச் சுடர்தான் சரி. காற்றில் சுடர் அசையும்போது பாவையை ஆட்டாமலே நிழல் மூச்சு விடும். கூர்மையான நிழலில் அது கிடைக்காது.

இந்த மங்கலைத்தான் உருமாற்றத்துக்குப் பயன்படுத்த வேண்டும். கொண்டாட்டக் காட்சி. மனைவி என்கிற பாவை திரையோடு ஒட்டி, தெளிவாக ஆடுகிறாள். தாளம் ஏற ஏற அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக விளக்கை நோக்கி இழுக்கிறீர்கள். நிழல் வளர்கிறது, விளிம்பு கரைகிறது, திரை முழுக்கப் பச்சையாகக் கலங்குகிறது. அந்தக் கலங்கலில் இடது கையால் மனைவிப் பாவையை எடுத்துவிட்டு வலது கையால் லங்சுயர் பாவையை நுழைத்துவிட வேண்டும். பிறகு ஒரே வீச்சில் திரையோடு ஒட்டினால், நீண்ட நகங்களோடு கூர்மையாக ஓர் உருவம் நிற்கும். மாற்றம் நடந்த இடத்தை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது.

இசையும் யோசிக்க வேண்டிய விஷயம். கிளந்தான் மரபில் முக்கியப் பாத்திரங்களுக்குத் தனித்தனி மெட்டு உண்டு. செரி ராமாவுக்கு ஒன்று, மகாராஜா வானாவுக்கு ஒன்று, கோமாளிக்கு ஒன்று. பழகிய ரசிகர் மெட்டைக் கேட்டே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவார். லங்சுயருக்கென்று மெட்டு இருந்தால் அவள் வருவது முன்பே தெரிந்துபோகும், பயம் போய்விடும். அவளுக்கு மெட்டே கொடுக்காமல், சாதாரணப் பெண்ணின் மெட்டிலேயே வரவிட்டு, தெத்தாவாக்கை மட்டும் நிறுத்திவிடுவது ஒரு வழி. அந்த ஆழ்ந்த முழக்கம் நின்றதும் ஏதோ சரியில்லை என்று காது சொல்லிவிடும்.

கோமாளிகள் இல்லாமல் முடியாது

பயத்தை மட்டும் நம்பி இரண்டு மணி நேரம் ஓட்ட முடியாது. இங்கேதான் பாக் டோகோலும் வாக் லோங்கும் வருகிறார்கள். தொந்தியும் வழுக்கையுமாக இருக்கும் பாக் டோகோல் வெறும் விதூஷகர் இல்லை. மரபுப்படி அவர் வானுலகத்துப் பெரிய தெய்வம், மாறுவேடத்தில் பூமிக்கு வந்தவர். துணைக்கு ஆள் வேண்டுமென்று தன் உடம்பு அழுக்கைத் திரட்டி வாக் லோங்கைச் செய்தாராம். அதனால் டாலாங்குகள் பாக் டோகோல் பாவையை மற்றப் பாவைகளைவிட மரியாதையாக வைத்துக்கொள்வார்கள். நம் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்கிற வேலையைத்தான் இவர்களும் செய்கிறார்கள்: அரசர்கள் இலக்கிய மொழியில் பேச, இவர்கள் ஊர்ப்பேச்சில் அன்றைய விலைவாசி வரை இழுப்பார்கள்.

லங்சுயர் கதையில் இவர்களை எங்கே விடலாம்? மனைவியின் மீன் ஆசையில் விடலாம்.

"பாக், அந்த அம்மா மீனைச் சுடாமலே தின்னுறாங்களே?"

"விறகு விக்கிற விலைக்கு நீயும் ஒருநாள் அப்படித்தான் தின்னணும், லோங்."

சபை சிரிக்கும். ஆனால் துப்பு விழுந்துவிட்டது. ஊரில் ஒருத்தர்கூடச் சந்தேகப்படாததைக் கோமாளி சொன்னான். அவன் சொன்னதால் யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னால் உண்மை வெளிப்படும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். பேய்க்கதையை நிழற்பாவையாக்குகிற பலர் கோமாளிகளை வெட்டிவிட்டு இருட்டை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிரிக்கவைக்காத பேய் சீக்கிரம் அலுத்துவிடும்.

திரைக்கு முன்பே ஆவிகள்

இனி சிக்கலான பகுதி. மரபான கூத்தில் கதை தொடங்குவதற்கு முன் அரங்கு திறக்கும் சடங்கு உண்டு. சாம்பிராணி, வெற்றிலை பாக்கு, பொரி, சோறு வைத்து, டாலாங் அந்த இடத்து ஆவிகளை அழைத்து, உபசரித்து, தொல்லை தராமல் இருக்கும்படி வேண்டிக்கொள்வார். முடிவில் அவற்றை வழியனுப்பி அரங்கை மூடுவார். அதாவது, ஒரு பேய்கூட இல்லாத கதை நடந்தாலும் ஆவிகளோடு ஒரு பேச்சுவார்த்தை நடந்துதான் திரை ஒளிர்ந்தது.

இதுவே பிரச்சினையும் ஆனது. 1990-இல் கிளந்தானில் ஆட்சிக்கு வந்த பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் அரசு, இஸ்லாத்துக்கு முந்திய சடங்குகளும் படையலும் இருப்பதைக் காரணம் காட்டி, வாயாங் கூலிட், மாக் யோங் என்ற நாட்டிய நாடகம் உள்ளிட்ட மரபுக் கலைகளின் பொதுநிகழ்ச்சிகளுக்குத் தடை கொண்டுவந்தது. சுற்றுலா, ஆய்வு என்ற பெயரில் சில இடங்களில் நடந்தது. வேறு மாநிலங்களில் நடந்தது. கிராமத்துக் கல்யாணங்களில் நடந்துவந்த பழைய வாழ்க்கை மட்டும் வற்றியது. டாலாங்குகளில் சிலர் படையலை விட்டுவிட்டு, இஸ்லாமியப் பிரார்த்தனையோடு தொடங்கினார்கள். 2019-இல் மாக் யோங்குக்கு நிபந்தனைகளோடு தளர்வு வந்தது. 1993-இல் தேசியக் கலைஞர் விருது பெற்ற ஹம்சா அவாங் அமாட், டோல்லா பாஜு மேரா போன்ற பெரும் டாலாங்குகள் 2000-களில் மறைந்துவிட்டார்கள்.

இந்தப் பின்னணியில் பேய்க்கதையை எடுப்பவர் ஒரு சங்கடத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். சடங்கை விட்டுவிட்டுப் பேயை மட்டும் வைத்துக்கொண்டால், பழைய டாலாங் கண்ணுக்கு அது கதவைத் திறந்துவிட்டு விருந்தாளியை வரவேற்காதது மாதிரி. சடங்கையும் வைத்துக்கொண்டால் மதவாதிகள் கண்ணுக்கு அது உண்மையாகவே ஆவிகளை அழைப்பது. பேயை நாட்டுப்புறக் கதைப் பாத்திரமாக மட்டும் நடத்தி, திறப்புச் சடங்குக்குப் பதில் தொடக்கக் காட்சியை வைத்துக்கொள்வது நடுவழி. ஆலமரப் பாவை திரை நடுவில் தோன்றுவது, வில்லேந்திய இரண்டு தேவர்கள் மோதிக்கொள்வது ஆகியவை இந்தத் தொடக்கத்தில் உண்டு. என் பார்வையில் இதுவே இப்போதைக்கு நேர்மையான வழி. மரபின் உருவம் மிச்சமிருக்கிறது. நம்பாததை நம்புவதாக நடிக்கவும் தேவையில்லை.

புதுப் பாத்திரங்களைத் திரை ஏற்குமா என்ற சந்தேகத்துக்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது. 2010-களில் வடிவமைப்பாளர் டின்தோய் சுவோவும் டாலாங் பாக் டாயினும் சேர்ந்து, அமெரிக்க விண்வெளிப் படம் ஒன்றைக் கிளந்தான் பாணிப் பாவைகளாக்கி 'பெபெராங்கான் பிந்தாங்' என்று மேடையேற்றினார்கள். கறுப்புக் கவசம் போட்ட வில்லன் 'சங்காலா வேடே' என்ற பெயரில், கிளந்தான் கிரீடமும் நகைகளுமாக வந்தான். பாவையின் நிற்கும் விதம், உடை, செதுக்கும் முறை எல்லாம் மரபுப்படியே இருந்ததால் பார்ப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். லங்சுயர் அந்த ஊர்க்காரியே. அவளுக்கு இன்னும் எளிதாக இடம் கிடைக்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

கிளந்தான் தலைநகர் கோத்தா பாருவில் உள்ள கெலாங்காங் செனி என்ற கலைமையம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாயாங் கூலிட் காட்டிவந்திருக்கிறது. கோலாலம்பூரிலும் நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. எங்கே பார்த்தாலும் முதல் பாதியை நிழல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். கிளந்தான் மலாய் புரியாவிட்டால் கவலை வேண்டாம். கோலாலம்பூர்க்காரர்களுக்கே பாதி புரியாது. பாவை திரையை விட்டு விலகும் கணங்களை மட்டும் கவனியுங்கள். பிறகு அனுமதி கேட்டு அரங்கின் பின்பக்கம் போங்கள். பேய் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அந்தப் பாவையை டாலாங் எடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் தயாராக வைத்திருப்பார். முன்னால் இருப்பவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதற்குள் வாக் லோங் அடுத்த நகைச்சுவையை ஆரம்பித்திருப்பான்.